குதிரைக்குக் குழம்பு எதற்கு?

கேள்வி: ரேஸ் கோர்ஸ் பக்கம் குடியிருக்கிறோம். மகள் குதிரையேற்றம் பழகுகிறாள். தமிழில் அதைப் பற்றி எழுதவும் ஆசைப்படுகிறாள். குதிரை தெரிந்தவர்கள் முகம் சுளிக்கும் பிழைகள் எவை?
- வாசகி, புனே

பதில்: முதலில் குளம்பு. லாடம் அடிப்பது அதில்தான். சோற்றில் ஊற்றுவதுதான் குழம்பு. அச்சில்கூட இந்தப் பிழையைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. குதிரை கனைக்கும், கணைக்காது. சேணத்துக்கு மூன்று சுழி ண, பிடரிக்குச் சின்ன ர.

எழுத்தைவிடப் பொருள் தப்புவதுதான் அதிகம் உறுத்தும். மட்டக்குதிரையைக் 'குதிரைக்குட்டி' என்கிறார்கள். அது வளர்ந்த குதிரை, உயரம்தான் குறைவு. பொதுவாக 14.2 கைக்கு மேற்படாது. ஒரு கை என்பது 4 அங்குலம். நடுவில் உள்ளது தசமப் புள்ளி அல்ல: 14 கையும் 2 அங்குலமும், ஆக 58 அங்குலம். '14.6 கை' என்று எழுதினால் அளவே தெரியாதவர் என்று அர்த்தம். அளப்பதும் தலை வரை அல்ல, கழுத்து முதுகோடு சேரும் மேடு வரைதான்.

மழைக்கால ரேஸுக்குப் போனால் நிறத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். வெள்ளை வெளேரென்று நிற்கும் குதிரை, ரேஸ் புத்தகத்தில் பெரும்பாலும் 'கிரே' என்றே இருக்கும். பிறக்கும்போது கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்து பிறகு நரைத்தது அது. மூக்கருகே பார்த்தால் தோல் கறுப்பாகவே இருக்கும்.

'கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்தான்' என்று கதைகளில் வீரமாக எழுதுகிறார்கள். கையில் இருப்பது வார். அதன் மறுமுனையில் உள்ள இரும்பு, குதிரையின் வாயில் பல் இல்லாத ஈறின் மேல் அழுந்துகிறது.