முதலில் பெயர், பிறகு மென்பொருள்

தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் பழைய படங்கள் இன்று பெரும்பாலும் புலனக் குழுக்களில்தான் உலா வருகின்றன. சிலியாவ், லிங்கி, ரந்தாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து, இப்போது சிரம்பானிலும் செனவாங்கிலும் கோலாலம்பூரிலும் இருப்பவர்கள் ஆளுக்கொரு படம் போடுகிறார்கள். தீமிதி, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, பந்துக் குழு. ஒரு நாள் முழுக்கக் குழு கலகலப்பாக இருக்கும். அடுத்த தீபாவளிக்கு அதே படத்தைத் தேடினால் கிடைக்காது. கிடைத்தாலும், பெரிதாக்கினால் முகம் கலங்கித் தெரியும். வழக்கமான முறையில் அனுப்பும்போது புலனம் படத்தைச் சுருக்கிவிடுகிறது. படக்கோப்புக்குள் பதிந்திருந்த தேதியையும் குறிப்பையும்கூட நீக்கிவிடுகிறது.

கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், செண்டாயான் பக்கத்தில் செம்பனையும் போய்த் தாமான் வந்தது. லயம், ஆயாக் கொட்டகை, பெரட்டுக் களம் எதுவும் பல இடங்களில் இப்போது இல்லை. அங்கே மூன்று தலைமுறை வாழ்ந்ததற்குச் சான்றாகக் குடும்பத்தின் கையில் மிஞ்சியிருப்பது ஓர் ஆல்பமும் பிஸ்கட் டின்னில் கிடக்கும் கொஞ்சம் படங்களும்தான்.

எந்த மென்பொருள் நல்லது என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் இருக்கும் பெரியவர்களை உட்காரவைத்து, படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். பத்து இடத்தில் நகலெடுத்து வைத்தாலும், பெயர் தெரியாத முகம் பேரப்பிள்ளைக்கு யாரோ ஒருவர்தான். மென்பொருளை அடுத்த வருசம்கூடப் போட்டுக்கொள்ளலாம். பெயர் சொல்லப் பாட்டி வேண்டுமே.

கேட்கும்போது படத்தைத் தொலைக்காட்சித் திரையில் பெரிதாகக் காட்டுங்கள், கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். முகம் பிடிபடாவிட்டால் பின்னணியைக் காட்டிக் கேளுங்கள். இது எந்தக் கொட்டகை, கோயிலுக்கு முன்னாலா பின்னாலா என்று பேச்சுப் போனால் ஆளும் நினைவுக்கு வந்துவிடுவார். எழுதும்போது ‘அத்தை’, ‘பெரியப்பா’ என்று மட்டும் எழுதாதீர்கள். உங்களுக்கு அத்தை, உங்கள் மகனுக்குப் பாட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அக்கா. பெயர், அப்பா பெயர், தோட்டம், எந்த லயம், என்ன வேலை என்று எழுதுங்கள். ஒரே தோட்டத்தில் நாலைந்து முனியாண்டி இருப்பார்கள். பால்வெட்டா, தண்டலா, ஸ்டோர் வேலையா என்று சொன்னால்தான் ஆள் விளங்கும். பட்டப்பெயர் இருந்தால் அதையும் சேருங்கள். ஊரார் பலருக்கு அதுதான் தெரிந்திருக்கும்.

ஆண்டு தெரியாத படத்துக்குப் படத்துக்குள்ளேயே துப்பு இருக்கும். பின்னால் நிற்கும் கம்பெனிப் பலகையைப் பாருங்கள். கத்ரியும் கோல்டன் ஹோப்பும் 2007இல்தான் சைம் டார்பியோடு இணைந்தன. ஆகவே பழைய கம்பெனிப் பெயர் பளிச்சென்று இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்திய படம். காரோ மோட்டார் சைக்கிளோ நின்றால் அதன் எண் தகடும் உதவும். நெகிரி செம்பிலான் வண்டிகளின் எண் ‘என்’ எழுத்தில் தொடங்கும். அதற்குப் பின்வரும் எழுத்தும் எண்ணும் வரிசையாகப் போவதால், பழைய வண்டி ஓட்டியவர்கள் காலத்தை ஓரளவு சொல்லிவிடுவார்கள். அப்படியும் தெரியாவிட்டால் ‘1960கள்’ என்பதுபோல எழுதுங்கள். ஊகித்து ஓர் ஆண்டைப் போடாதீர்கள்.

அடுத்தது படத்தைக் கணினிக்குள் கொண்டுவருவது. கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தை இழுத்துப் பிரிக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் முகம் கண்ணாடியில் நின்றுவிடும். கண்ணாடியோடு வைத்தே படமெடுங்கள். மற்றவற்றுக்கு ஸ்கேனர் நல்லது. சாதாரணப் படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி, அடையாள அட்டை அளவுப் படத்துக்கு 1200. ஸ்கேனர் இல்லாதவர்கள் கூகுளின் ஃபோட்டோஸ்கேன் செயலியைப் பயன்படுத்தலாம். பல கோணங்களில் எடுத்து ஒன்றுசேர்ப்பதால் வெளிச்சத்தின் பளபளப்பு குறையும். படத்தின் பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தாத்தாவின் கையெழுத்து, ஊருக்கு அனுப்ப எழுதிய இரண்டு வரி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

இனி மென்பொருள். என் தேர்வு டிஜிகாம். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், தமிழில் குறிப்பு எழுதலாம். ஒரே முகம் வரும் படங்களைத் தேடி ஒன்றாகக் காட்டும். அந்த வேலை முழுவதும் உங்கள் கணினியிலேயே நடக்கும், படம் எங்கும் போகாது. நிறுவியதும் அமைப்புகளில் ‘மெட்டாடேட்டா’ பகுதிக்குப் போய், குறிப்பு, தேதி, முகப்பெயர் ஆகியவற்றைக் கோப்புக்குள்ளேயே எழுதும்படி குறியிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் உட்கார்ந்து தட்டிய பெயர்கள் மென்பொருளின் தரவுத்தளத்தில் மட்டும் கிடக்கும். பிகாசாவை நம்பிப் படங்களை அடுக்கியவர்கள் பலர். கூகுள் அதை 2016இல் நிறுத்திவிட்டது. மென்பொருள் வரும், போகும். பெயர் படத்தோடு ஒட்டியிருக்க வேண்டும்.

ஸ்கேன் செய்த படத்துக்குக் கணினி இன்றைய தேதியைத்தான் போடும். அதைத் திருத்தாவிட்டால் பாட்டியின் திருமணம் போன மாதம் நடந்ததாக வரிசையில் வரும். கோப்புப் பெயரை ஆண்டில் தொடங்குங்கள்: ‘1968-சிலியாவ்-தீமிதி-03’ என்பதுபோல. பின்பக்கப் படத்துக்கும் குரல் பதிவுக்கும் அதே பெயரைக் கொடுத்து, கடைசியில் ‘பின்’, ‘குரல்’ என்று சேர்த்தால் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

கூகுள் ஃபோட்டோஸ் போதாதா என்பார்கள். பார்க்கவும் பகிரவும் அது வசதிதான். ஆனால் இலவச இடம் 15 ஜிபி. 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்கின்றன, அதையே மின்னஞ்சலும் பங்குபோடுகிறது. நாலுக்கு ஆறு அங்குலப் படம் ஒன்றை 600 புள்ளியில் டிஃப் கோப்பாக எடுத்தால் சுமார் 26 எம்பி. ஆயிரம் படத்துக்கு 26 ஜிபி. இன்னொன்று, அங்கே நீங்கள் எழுதும் விளக்கம் படத்துக்குள் போவதில்லை. கூகுளின் டேக்அவுட் சேவை வழியாகப் படங்களை இறக்கும்போது அது ஜேசன் என்ற தனிக் கோப்பாக வரும்.

காப்புப்படிக்குப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில். நம் குடும்பங்களுக்கு அது சுலபம். ஒரு படி கணினியில், ஒன்று வெளி வன்தட்டில், ஒன்று மேகத்தில் அல்லது வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டில். 2021 டிசம்பர் வெள்ளம் சிலாங்கூரோடு நெகிரி செம்பிலானையும் விடவில்லை. ஆல்பமும் வன்தட்டும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். விரலியை மட்டும் நம்பி வருசக்கணக்கில் மேசை இழுப்பறையில் போட்டுவைக்காதீர்கள்.

பகிரும்போது சிறிய படி போதும். யாருக்காவது முழு அளவு வேண்டுமென்றால் புலனத்திலேயே ‘ஆவணம்’ என்று தேர்ந்து அனுப்புங்கள், சுருங்காது. ஆல்பத்துக்கு இணைப்பு அனுப்பினால் அந்த இணைப்பு கிடைத்தவர்கள் எல்லாரும் பார்க்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். பிறப்புப் பத்திரம், சிவப்பு, நீல அடையாள அட்டை, குடியுரிமைத் தாள்கள் போன்றவற்றைப் பொதுக் குழுவில் ஏற்றவே வேண்டாம். தனிக் கோப்புறையில் கடவுச்சொல்லோடு இருக்கட்டும். பழைய ஆல்பங்களில் சவத்தைச் சுற்றிக் குடும்பமே நிற்கும் படங்கள் உண்டு. அது அந்தக் காலத்து வழக்கம், அழிக்க வேண்டியதில்லை. ஆனால் இறந்தவரின் பிள்ளைகளைக் கேட்காமல் யாரும் அதைக் குழுவில் போடக் கூடாது.

கடைசியாகக் கணக்கின் பொறுப்பு. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கூகுள் கணக்கையும் அதிலுள்ள படங்களையும் நீக்க அந்த நிறுவனத்தின் விதி இடம் தருகிறது. அப்பா பெயரில் கணக்கு இருந்தால், செயலற்ற கணக்கு மேலாளர் என்ற அமைப்பில் இப்போதே உங்கள் மின்னஞ்சலைச் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் குறித்துவைத்த காலம்வரை கணக்கு அசையாமல் இருந்தால் படங்களை இறக்கிக்கொள்ள உங்களுக்கு வழி கிடைக்கும். வன்தட்டு எந்த வீட்டில், கடவுச்சொல் யாரிடம் என்பதை ஒரு தாளில் எழுதி, வீட்டுக் கிராந்து இருக்கும் உறையில் வைத்துவிடுங்கள்.