உண்ணியும் பருவமும்

முருகப் பெருமானின் திருமஞ்சனத்திற்கான நீரைக் காளைகள் சுமந்துகொண்டு படியேறும் தலம் நம் சென்னிமலை. மலையைச் சூழ்ந்த கிராமங்களில் மாடோ செம்மறியோ இல்லாத விவசாயக் குடும்பம் மிகக் குறைவு. வானம் பொய்த்த ஆண்டிலும் வீட்டுச் செலவைத் தாங்குவது பாற்பணமே. அந்தப் பாற்பணத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சிவிடும் பிராணி உண்ணி. மழை பெய்து உண்ணி ஏறிய பின்னர் மருந்து தேடி ஓடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எந்தப் பருவத்தில் அது எங்கே தங்கியிருக்கிறது என்பதை அறிந்துகொண்டால் வருமுன் காப்பது எளிது. அதனை இங்கே ஆராய்வோம்.

உண்ணியின் வாழ்க்கை

உண்ணி பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. சிலந்திக்கும் தேளுக்கும் உறவானது. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு ஆறு கால்கள். நம் மாடுகளில் பெரிதும் காணப்படும் மாட்டுண்ணி, குஞ்சுப் பருவத்தில் மாட்டின் மீது ஏறி, ஏறத்தாழ மூன்று வாரங்களை அதே மாட்டின் மீது கழிக்கிறது. பெண் உண்ணி இரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோலப் பருத்தவுடன் தரையில் விழுகிறது. இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு மடிகிறது. ஆகவே மாட்டின் மீது நாம் காண்பது ஒரு சிறு பங்கே. பெரும் பங்கு முட்டையாகவும் குஞ்சாகவும் நிலத்தில் காத்திருக்கிறது.

வெப்பமும் ஈரமும் செய்யும் வேலை

முட்டை பொரிப்பதற்கு ஈரம் வேண்டும், வெப்பமும் வேண்டும். இரண்டும் பொருந்தினால் மூன்று, நான்கு வாரங்களில் குஞ்சு வெளிவரும். குளிர்ந்தால் தாமதமாகும், கடும் வறட்சியில் முட்டை வற்றிக் கெடும். குஞ்சுகள் புல்லின் நுனிக்கு ஏறி, முன்னங்கால்களை நீட்டிக் காத்திருக்கும். மாட்டின் மூச்சுக் காற்றையும் உடற் சூட்டையும் உணர்ந்து பற்றிக்கொள்ளும். வெயில் ஏறினால் புல்லின் அடிக்கு இறங்கி ஈரம் தேடும். இவ்வாறு ஏறி இறங்குவதில் அவற்றின் உடற்சத்து செலவாகிறது. ஆகவே கடும் கோடையில் குஞ்சுகள் விரைவில் மடிகின்றன. ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் உணவின்றியே சில மாதங்கள் உயிர் தாங்குகின்றன.

கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உள்ளது. சித்திரை, வைகாசியில் கோடை மழையும், ஐப்பசி, கார்த்திகையில் பெருமழையும் பெறுகிறோம். கோடை மழை பெய்து சில வாரங்களில் கொரங்காட்டுப் புல்லில் குஞ்சுகள் தோன்றத் தொடங்கும். பெருமழைக்குப் பின் பெருகும்.

ஒரே மாதத்திலும் இடத்திற்கு இடம் நிலைமை வேறுபடும். வெயிலில் காயும் கொரங்காட்டில் உண்ணி அற்றுப்போன சமயத்திலும், கீழ்பவானி வாய்க்கால் பாயும் வயல் வரப்புகளில் ஈரம் இருப்பதால் அது பிழைத்திருக்கும். ஹயலோமா என்னும் மற்றோர் இனம் வறட்சியைத் தாங்கவல்லது. கட்டுத்தரைச் சுவரின் வெடிப்புகளிலும் கல் இடுக்குகளிலும் பதுங்கிக் கோடையிலும் மாட்டைத் தாக்கும். 1957இல் மைசூர்ப் பகுதியின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்தன, மக்களும் காய்ச்சலுற்றனர். அக்காய்ச்சலைப் பரப்பும் காட்டுண்ணியின் இளம் பருவம் மழை ஓய்ந்த மாதங்களில்தான் மிகுகிறது. ஓர் இனத்தின் பருவத்தை எல்லா உண்ணிக்கும் பொதுவாகக் கொள்ளலாகாது என்பதற்கு இதுவே சான்று.

விளையும் கேடு

உண்ணி இரத்தத்தை மட்டும் குடிப்பதில்லை, நோயையும் ஏற்றுகிறது. கால்நடைக் காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்பதை 1893இல் அமெரிக்காவில் தியோபால்டு சுமித்தும் கில்போர்னும் நிறுவினர். காங்கேயம் மாடுகளுக்கு உண்ணியைத் தாங்கும் இயற்கை வலிமை ஓரளவு உண்டு. கலப்பினப் பசுக்களுக்கு அது குறைவு. கடன் பெற்று வாங்கிய கறவைப் பசு தைலேரியா நோயினால் சில நாட்களில் மடியக்கூடும். கடன் மட்டும் மிஞ்சும். கடும் காய்ச்சல், கழுத்து முன்புறக் கழலை வீக்கம், கண்ணிமை வெளிறல், காப்பி நிறச் சிறுநீர் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். 1962 என்ற தொலைபேசி எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியையும் அழைக்கலாம்.

செய்யத்தக்கவை

உண்ணி குறைந்து காணப்படும் பங்குனி மாதமே அதனை ஒழிப்பதற்கு ஏற்ற மாதம். அப்போது மேய்ச்சல் நிலத்தை வெயில் காக்கிறது. எஞ்சிய உண்ணி மாட்டின் மீதும் கட்டுத்தரையிலுமே இருக்கும்.

முதலாவதாக, மருத்துவர் கூறும் மருந்தை, அவர் கூறும் அளவில், காது மடல், மடி, வாலடி, தொடை இடுக்கு விடாமல் தெளிக்க வேண்டும். புதிதாக ஏறிய குஞ்சு முட்டையிடும் பருவத்தை மூன்று வாரத்தில் அடைவதால், அதற்குள் மறுமுறை மருந்திட வேண்டும். ஒரே மருந்தையே ஆண்டுதோறும் பயன்படுத்தினால் உண்ணி அதற்குப் பழகிவிடும். மிகுந்த மருந்தை வாய்க்காலில் கொட்டலாகாது, மீன்கள் மடியும்.

இரண்டாவதாக, கட்டுத்தரையின் வெடிப்புகளைப் பூசிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பிடுங்கிய உண்ணியைத் தரையில் எறியாமல் மண்ணெண்ணெயில் இட வேண்டும். எறிந்தால் அது அங்கேயே முட்டையிடும்.

மூன்றாவதாக, முள்கிளுவை வேலியிட்டுப் பிரித்த கொரங்காட்டை, கோடையில் பகுதி பகுதியாக மேய்ச்சலின்றி விட வேண்டும். நம் முன்னோர் வகுத்த வேலி இதற்கு நன்கு உதவும்.

ஊராட்சி மன்ற அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்திடாத ஒரு மாடு, மருந்திட்ட பத்து மாடுகளின் மேய்ச்சல் நிலத்தில் மீண்டும் உண்ணியை விதைத்துவிடும். ஆகவே இது தனி ஒருவரால் ஆகும் காரியமன்று. பங்குனியில் ஒரு நாளையும், மூன்று வாரத்திற்குள் மறு நாளையும் மன்றத்தில் தீர்மானித்து, கால்நடை மருந்தகத்தாருடன் கலந்து, ஊர் மாடுகள் அனைத்தையும் ஒரே சமயத்தில் கொண்டுவரச் செய்வீர்களாக. மழை வருவதற்கு முன்னர் நாம் முந்திக்கொண்டால், மழையின் பயன் முழுவதும் நம் மாடுகளுக்கே சேரும்.