உறைவிடம், உணவு, ஏடு: குமரி மாவட்டத்தில் மாணவர் வாழ்வு – ஓர் ஆய்வு

முன்னுரை

கல்விச் செலவு என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவது கல்லூரிக் கட்டணமே. கட்டணம் செலுத்தியபின் மாணவர் எங்கே தங்குகிறார், என்ன உண்கிறார், எவருடைய நூலைப் படிக்கிறார் என்னும் வினாக்களை நாம் பெரிதும் எழுப்புவதில்லை. கட்டணத்திற்கு உதவித்தொகை உண்டு; வள்ளல்களும் உண்டு. ஆயினும் அறை வாடகைக்கும் இருவேளை உணவிற்கும் வழியின்றிப் படிப்பை இடையில் நிறுத்துவோர் இன்றும் உளர். ஆதலின், உறைவிடம், உணவு, ஏடு ஆகிய மூன்றும் கல்விக்குப் புறம்பானவை அல்ல, கல்வியின் உறுப்புகளே என்பதை வரலாற்றின் துணைகொண்டு நிறுவுவதும், நம் ஊர்களில் இன்று செய்யத்தக்கன யாவை எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பார்த்திவசேகரபுரச் சாலை

மாணவர் விடுதி நம் மாவட்டத்திற்குப் புதியதன்று. முன்சிறையை அடுத்துள்ள பார்த்திவபுரம், கல்விக் கொடை வரலாற்றில் தனி இடம் பெற்ற ஊராகும். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-ஆம் ஆண்டு இவ்வூரில் திருமால் கோயில் ஒன்றை எடுப்பித்து, அதனுடன் கல்விச் சாலை ஒன்றையும் நிறுவினான். கோயிலுக்குரிய நிலத்தை முன்சிறைச் சபையாரிடமிருந்து மாற்று நிலம் கொடுத்தே அவன் பெற்றான் எனச் செப்பேடு கூறுகிறது. காந்தளூர்ச் சாலையின் நெறிமுறையைப் பின்பற்றி அமைக்கப்பெற்ற இச்சாலையில் 95 மாணவர்க்கு இடம் ஒதுக்கப்பட்டது. 'சட்டர்' என வழங்கப்பெற்ற அம்மாணவருள் 45 பேர் பவிழிய சரணத்தார், 36 பேர் தைத்திரிய சரணத்தார், 14 பேர் தலவகார சரணத்தார். இவர்கள் உண்டு உறைந்து கற்பதற்கு விளைநிலங்கள் விடப்பட்டன.

இச்செப்பேட்டில் நம் கருத்தைக் கவர்வது விடுதி ஒழுங்காகும். மாணவர் ஒருவரையொருவர் வைதால் தண்டம் கட்டவேண்டும். படைக்கலத்தால் தாக்குவோர்க்குத் தண்டம் இன்னும் மிகுதி. தங்குமிடத்தில் பணிப்பெண்டிரை வைத்துக்கொள்ளலாகாது. உணவையும் உறைவிடத்தையும் அளித்தவர்கள் ஒழுங்கையும் உடன் வகுத்தனர் என்பது இதனால் புலனாகும்.

எனினும் ஒன்றை மறைத்தல் தகாது. அந்த 95 இடங்களும் வேதம் ஓதும் அந்தணர்க்கே உரியவை. நிலத்தை உழுது அச்சாலைக்கு நெல் அளந்தவர்களின் மக்களுக்கு அங்கே பாய் விரிக்க இடமில்லை. கொடையின் முறைமை போற்றத்தக்கது; அதன் எல்லை திருத்தத்தக்கது. இவ்விரண்டையும் ஒருங்கே உணர்வதுதான் வரலாற்றைக் கற்பதன் பயன்.

பாயும் விளக்கெண்ணெயும்

குமரி மாவட்டத்திற்கு அப்பாலும் இம்முறைமையைக் காணலாம். காஞ்சிபுரம் பக்கத்திலுள்ள திருமுக்கூடலில், பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கோயிலைச் சார்ந்த கல்விக்கூடத்தையும் அதன் விடுதியையும் மருத்துவமனையையும் குறிப்பிடுகிறது. மாணவர்க்கு உணவு மட்டுமன்றி, படுக்கப் பாய், சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய், இரவில் விளக்கெரிக்க எண்ணெய் ஆகியவற்றுக்கும் அதில் ஒதுக்கீடு உண்டு. பாய் இன்றி உறக்கமில்லை. விளக்கு இன்றி இரவுப் படிப்பில்லை. இச்சிறு செலவுகளையும் எண்ணிக் கல்லில் பொறித்தவர்கள் மாணவர் வாழ்வை அருகிருந்து கண்டவர்கள் எனத் துணிந்து கூறலாம். இதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், பக்தாதில் எழுந்த முஸ்தன்சிரிய்யா கல்விக்கூடத்திலும் மாணவர்க்கு உணவு, விளக்கெண்ணெய், தாள், மை ஆகியவை வக்ஃபு வருவாயிலிருந்து வழங்கப்பெற்றன. நாடும் சமயமும் வேறாயினும், அறிந்த தேவை ஒன்றே.

திண்ணைத் தோழர்கள்

இச்சிந்தனையின் மூலத்தை நம் சமுதாயம் மதீனாவிலேயே காண்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசல் திண்ணையில் தங்கிக் கற்ற வறியோர் 'திண்ணைத் தோழர்கள்' எனப் பெயர் பெற்றனர். அவர்களுக்கு ஊரார் உணவளித்தனர். குர்ஆனை ஓதிக் கற்ற தோழர் சிலர், இரவில் கற்று, பகலில் விறகு சேர்த்து விற்று, அந்தப் பணத்தில் திண்ணைத் தோழர்க்கும் ஏழைகட்கும் உணவு வாங்கினர் என்று நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. கற்கும்போதே உழைப்பது இழிவன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. பின்னாளில் கேரளக் கரையில் பரவிய பள்ளிவாசல் 'தர்ஸ்' முறையில், மாணவர் பள்ளிவாசலில் தங்க, மஹல்லா வீடுகள் உணவளித்ததும் இதன் தொடர்ச்சியே. ஒரு மாணவரின் பசியை ஊர் முழுவதும் பகிர்ந்து ஏற்றுக்கொண்டது அம்முறை.

ரேந்தையால் எழுந்த கல்வி

நாகர்கோவிலில் உழைப்பும் உறைவிடமும் கல்வியோடு இணைந்த நிகழ்ச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காணப்படுகிறது. இலண்டன் மிஷனைச் சார்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் பெண்கள் விடுதிப் பள்ளியில் ரேந்தை பின்னும் கைத்தொழிலைக் கற்பித்தார். ஒடுக்கப்பட்ட குடும்பத்துச் சிறுமியர் எழுத்தோடு தொழிலையும் கற்றனர். ரேந்தை விற்ற பணத்தைக் கொண்டு அடிமைத்தளையிலிருந்த பெண்கள் சிலர் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர் என்பது வரலாறு. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1855-ஆம் ஆண்டிலேயாம் என்பதை எண்ணும்போது இச்செய்தியின் பெருமை விளங்கும். பார்த்திவசேகரபுரத்துச் சாலை எவர்க்குக் கதவடைத்ததோ, அவர்தம் மக்களுக்கு ஒரு கதவு இங்கே திறந்தது.

இடலாக்குடி தந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) சென்னையில் அச்சகத்தில் பிழை திருத்தும் பணி ஏற்றுத் தம் தமிழை வளர்த்துக்கொண்டவர். 1907-இல் சென்னையில் நூறு செயல்களில் ஒருங்கே கவனம் நிறுத்திச் சதாவதானம் செய்து புகழ்பெற்றார். கூலிக்குச் செய்யும் வேலை கற்ற கல்விக்கு அருகில் அமையுமாயின், அவ்வேலையே மற்றொரு வகுப்பறை ஆகிவிடும் என்பதற்குப் பாவலர் வாழ்வு எடுத்துக்காட்டு.

விடியற்காலைத் தொழில்

இன்று நம் மாணவர் செய்யும் வேலைகள் பல. சிறுவர்க்குத் தனிப்பயிற்சி அளித்தல், செய்தித்தாள் போடுதல், திருமண வீடுகளில் பந்தி பரிமாறுதல், பண்டிகைக் காலத்தில் துணிக்கடைகளில் நிற்றல் ஆகியன எல்லா நகரங்கட்கும் பொதுவானவை. தோவாளைப் பூச்சந்தையைச் சார்ந்த பூப்பறித்தலும் பூக்கட்டுதலும், கடற்கரை ஊர்களில் மீன் ஏலத்திற்கு உதவுதலும், மேற்குப் பகுதிகளில் ரப்பர் பால்வெட்டும் நம் மாவட்டத்திற்கே உரியவை. இவை மூன்றும் பெரும்பாலும் பொழுது புலரும் முன்னரே தொடங்குபவை.

பால்வெட்டை மட்டும் சற்று விரித்து நோக்குவோம். வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் வடிவது குறையும். ஆகவே குளிர்ந்த வேளையில், இருள் விலகுமுன் பட்டையை மெல்லச் சீவிச் சிரட்டையில் பால் வடியவிட வேண்டும். சில மணி நேரம் கழித்து அதனைச் சேகரிக்க வேண்டும். அதன்பின் குளித்து, உண்டு, பேருந்து பிடித்து வரும் மாணவர் முதல் வகுப்பைத் தவறவிடுவது இயல்பு. வருகைப் பதிவேடு அதனைச் சோம்பல் என்றே கணக்கிடுகிறது.

மேலும், மழை பெய்தால் வெட்டு நிற்கும். இலையுதிரும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களிலும் வெட்டு நிற்கும். பருவத் தேர்வுகளோ வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நவம்பரிலும், இலையுதிர்ந்து துளிர்த்தபின் ஏப்பிரலிலும் நடைபெறுகின்றன. எனவே தேர்வுக் கட்டணம் செலுத்தவேண்டிய வேளையில்தான் அம்மாணவரின் கையில் காசு இராது. ஆசிரியர் இதனை அறிந்திருப்பின், ஒரு மாணவரின் எதிர்காலம் தாமதக் கட்டணத்தில் சிக்காது காக்கலாம். 2022-இல் தொடங்கப்பெற்ற 'புதுமைப் பெண்' திட்டமும், 2024-இல் தொடங்கப்பெற்ற 'தமிழ்ப் புதல்வன்' திட்டமும் தகுதியுடைய மாணவர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க வகுக்கப்பட்டவை. இத்தொகை இச்சிறு செலவுகளின் தேவையை அரசும் உணர்ந்ததைக் காட்டுகிறது.

வாடகை அறை

இங்குள்ள கல்லூரிகளில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி 1893-இல் கல்லூரி நிலை எய்தியது. தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952-இலும், திருவிதாங்கோடு முஸ்லிம் கலைக் கல்லூரி 1968-இலும் தோன்றின. கல்லூரிகள் பெருகப் பெருக அவற்றைச் சுற்றிய தெருக்களில் மாடியறைகளும் பெருகின. வீட்டுக்காரர்க்கு அது வருவாய். மாணவர்க்கு அதுவே வீடு.

முன்பணம் குறித்த பூசலே இதில் மிகுதி. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், எழுத்து வடிவ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்றும் அது விதித்தது. மகளிர் விடுதிகள் பதிவும் உரிமமும் பெறவேண்டும் என்பதை 2014-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. தம் மகளை வெளியூரில் சேர்க்கும் பெற்றோர், விடுதியின் வண்ணச் சுவரைக் காண்பதற்கு முன் அதன் உரிமத்தைக் காண்பது நலம்.

அறை தேடும் மாணவர் நால்வற்றைக் கேட்டறிய வேண்டும். கோடையில் கிணறு வற்றுமா? மின்கட்டணம் தனியா? விடுமுறை மாதத்திற்கும் வாடகை உண்டா? காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும்? வீட்டுக்காரரும் மாணவரின் பெயரையும் ஊரையும் கேட்டவுடனே 'அறை இல்லை' என்று கூறும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். சாதியும் சமயமும் பார்த்து அடைக்கும் கதவு, 95 பேருக்கு மட்டும் திறந்த பழைய கதவினின்றும் வேறன்று.

பழம் பொருளும் பழம் நூலும்

மூன்றாம் ஆண்டு முடிந்து செல்லும் மாணவர் விட்டுச் செல்வன பாய், வாளி, மேசை, அடுப்பு, மிதிவண்டி, நூல்கள் ஆகியன. இவற்றை எடைக்குப் போட்டால் கிடைக்கும் காசு ஒரு நாள் உணவிற்கும் காணாது. அவையே அடுத்த ஆண்டு புதிதாக வரும் மாணவர்க்குப் பெருஞ்செலவைத் தவிர்க்கும்.

நூல்களைப் பொறுத்தவரை ஒரு வேறுபாடு உண்டு. பாடத்திட்டம் மாறினால் செய்யுள் திரட்டும் சிறுகதைத் தொகுப்பும் விலையிழக்கும். ஆயின் நன்னூல் உரையும் தொல்காப்பிய உரையும் அகராதியும் பழமையால் தேய்வதில்லை. முன்னவர் ஓரத்தில் எழுதிய குறிப்பு பின்னவர்க்கு ஊதியமே. ஆதலின் பழைய நூல் வாங்குவோர் பாடத்திட்ட ஆண்டை முதலில் ஒப்புநோக்குக. மிதிவண்டிக்கும் கைப்பேசிக்கும் விற்பவரிடம் முதற்சீட்டைக் கேட்டு வாங்குக. கைப்பேசியின் 15 இலக்க அடையாள எண் சீட்டிலுள்ள எண்ணோடு பொருந்துகிறதா எனவும் காண்க. திருட்டுப் பொருளை அறியாது வாங்கிய ஏழை மாணவர் காவல்நிலையப் படியேற நேர்வது கொடுமை.

செய்யத்தக்கன

1. தமிழ்த்துறை ஒரு நூல் வங்கி தொடங்கலாம். இறுதியாண்டு மாணவர் தருவதைப் பதிவேட்டில் குறித்து, முதலாண்டு மாணவர்க்குக் கடனாக அளிக்கலாம்.

2. மே மாதத்தில் விடைபெறுவோரின் பாயும் மேசையும் எடைக்கடைக்குச் செல்லுமுன், அவற்றைச் சேர்த்து வைக்க ஓர் அறையை ஒதுக்கலாம்.

3. காலை வேலைக்குச் செல்லும் மாணவரின் பட்டியலை வகுப்பாசிரியர் ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டறியலாம். ஊரார் முன்னிலையில் அன்று, தனியே.

4. ஊர்ப் பெரியவர்கள் கட்டணத்திற்கு அளிக்கும் உதவியுடன், ஒரு மாணவரின் ஓராண்டு அறை வாடகையையோ ஒருவேளை உணவையோ ஏற்கலாம். கணக்கு எழுதவும் படி எடுக்கவும் ஆள் வேண்டும் வணிகர், மாலை வேலையை மாணவர்க்குத் தரலாம். கூலியை அன்றே தருக. தேர்வு நாளில் விடுப்பும் தருக.

முடிவுரை

பார்த்திவசேகரபுரத்தார் இடத்தை எண்ணி ஒதுக்கினர். திருமுக்கூடலார் பாயையும் எண்ணெயையும் எண்ணினர். மதீனத்துத் தோழர்கள் விறகு விற்றுப் பிறர் பசி தீர்த்தனர். நாகர்கோவில் சிறுமியர் ரேந்தை பின்னி எழுத்தறிந்தனர். மாணவரின் உடல் தேவையை மறந்த கல்விக் கொடை முழுமை பெறாது என்பதையே இவை யாவும் உணர்த்துகின்றன. அறத்தின் பெயரால் கட்டடம் எழுப்புவோர் நம்மிடையே பலர். அக்கட்டடத்தினுள் அமர்ந்திருக்கும் மாணவர் காலையில் உண்டாரா என்று கேட்போரும் பெருக வேண்டும். இக்கேள்வியை இவ்வாண்டே ஒவ்வொரு வகுப்பிலும் எழுப்புவோமாக.