விழித்திரைப் படமும் இனிப்பு நீரும்: வியாபாரிகள் அறிய வேண்டியவை

நம் வியாபாரிகளில் இனிப்பு நீர் என்று நாம் சொல்லும் நீரிழிவு வியாதி உள்ளவர்கள் அநேகர். காலை முதல் இரவு வரை கடையில் நிற்பதும், நேரந்தவறிச் சாப்பிடுவதும், வருகிறவரோடெல்லாம் ஒரு தே தாரிக் குடிப்பதும் நம் தொழிலோடு ஒட்டிக்கொண்ட பழக்கங்கள். இவ்வியாதி காலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதைப் பலரும் அறிவர். கண்ணைக் கெடுக்கும் என்பதையோ, பார்வை மங்கிய பிறகுதான் பலர் அறிகின்றனர். காரணம் யாதெனில், விழித்திரையில் நோய் தொடங்கும்போது வலியில்லை, எரிச்சலில்லை. பேரேட்டின் எழுத்தும் முன்போலவே தெளிவாகத் தெரியும்.

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் படர்ந்திருக்கும் மெல்லிய சவ்வு. வெளிச்சம் அதன்மீது விழுவதால்தான் நாம் பார்க்கிறோம். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே பார்வை உண்டாகிறது என்பதை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விரிவாக எழுதி வைத்தவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம். அவருடைய ‘கிதாபுல் மனாழிர்’ அதற்காகவே எழுதப்பட்ட பெருநூல். ஒளி உள்ளே போகும் அதே வழியாக உள்ளே இருப்பதை வெளியிலிருந்து பார்க்கும் கருவியை ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் செய்து காட்டினார். இன்று கிளினிக்கில் நாம் தாடையை வைத்து உட்காரும் கேமரா அந்த வமிசத்தில் வந்ததே.

இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் விழித்திரையின் நுண்ணிய குழாய்களின் சுவர் பலவீனப்பட்டு ஆங்காங்கே சிறு மொட்டுகளாகப் புடைக்கும். பின்பு இரத்தமும் கொழுப்பு கலந்த நீரும் கசியும். அந்த முதல் மொட்டுகள் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவானவை. படத்தில் சில புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். அவற்றை அப்பொழுதே கண்டுகொண்டால் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அடக்கி நோயைத் தாமதப்படுத்தலாம். முற்றினால் லேசர் ஒளியோ, கண்ணுக்குள் போடும் ஊசியோ வேண்டிவரும்.

ஆனால் கேமரா எடுத்துத் தரும் படம் எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. நடுவில் வெளிச்சம் அதிகம், ஓரத்தில் இருட்டு. கண்மணி சிறுத்திருந்தாலோ, கண்புரை இருந்தாலோ படம் முழுதும் பனி மூடியதுபோல் இருக்கும். இங்கேதான் கம்ப்யூட்டரின் வேலை தொடங்குகிறது.

நாணய மாற்றுக் கடையில் நோட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறோம். காகிதத்துக்குள் மறைந்திருக்கும் உருவம் தெரிகிறது. விளக்கு அந்த உருவத்தை உண்டாக்கவில்லை, இருந்ததைக் காட்டிற்று. படத்தைச் செப்பனிடும் முறைகளும் இத்தகையனவே. வண்ணப் படம் ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று படிவங்கள் சேர்ந்தது. சிவப்பில் எல்லாம் வெளுத்துத் தெரியும். நீலத்தை வயதான கண்ணின் மஞ்சளித்த லென்ஸ் விழுங்கிவிடும். பச்சை ஒளியையோ இரத்தம் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே பச்சைப் படிவத்தில் குழாயும் மொட்டும் கசிவும் கறுப்பாக எழுந்து நிற்கும். கம்ப்யூட்டர் வருமுன்னரே டாக்டர்கள் விளக்குக்கு முன் பச்சைக் கண்ணாடி வைத்துக் கண்ணைப் பார்த்ததும் இதற்காகத்தான்.

அடுத்தது வெளிச்சத்தைச் சமப்படுத்துதல். படத்தை வேண்டுமென்றே மிகவும் மங்கலாக்கினால் குழாய்கள் மறைந்து, எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்பது மட்டும் மிஞ்சும். அந்த நிழலை மூலப் படத்திலிருந்து கழித்தால் ஓரமும் நடுவும் ஒரே சீராகும். பிறகு படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்குகிறார்கள். இதற்கு ஓர் எல்லை வைப்பது அவசியம். எல்லை மீறினால் வெறும் தூசும் நோய்போலத் தோன்றும். தூசை நீக்குகிறேன் என்று படத்தை அதிகமாக வழவழப்பாக்கினாலும் கேடுதான்; நாம் தேடுகிற மொட்டும் தூசோடு போய்விடும். மிளகைச் சலிக்கும்போது சல்லடையின் கண் பெரிதாகிவிட்டால் மிளகும் கீழே விழுவதில்லையா?

அண்மைக் காலத்தில் மங்கலான படத்தைக் கொடுத்தால் பளிச்சென்ற படமாக வரைந்து தரும் யந்திர முறைகளும் வந்திருக்கின்றன. அடியேனின் அபிப்பிராயத்தில் இவற்றிடம் எச்சரிக்கை வேண்டும். படத்தில் இல்லாத குழாயை ஊகித்து வரைவது வராத வரவைக் கணக்கில் எழுதுவதற்கு ஒப்பாகும். படம் சரியில்லையெனில் சொட்டு மருந்திட்டு மறுபடி எடுப்பதே நேர்மை.

சிங்கப்பூரில் 2010-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி பாலிகிளினிக்கில் எடுத்த படங்கள் வாசிப்பு நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. பயிற்சி பெற்றவர்கள் அவற்றைப் பார்த்து முடிவு சொன்னார்கள். இவ்வேலைக்குத் துணையாக யந்திரத்தையே பழக்கினார்கள். 2016-ல் கூகிள் ஆராய்ச்சியாளர்கள் 128,175 படங்களைக் கொண்டு இப்படிப் பழக்கியதை வெளியிட்டனர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் அம்முயற்சியில் பங்குகொண்டன. 2017-ல் சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் முறையை அத்திட்டத்தில் 14,880 பேரிடம் எடுத்த 71,896 படங்களில் சோதித்த முடிவு வெளிவந்தது. நிபுணரிடம் அனுப்ப வேண்டிய நிலையிலிருந்த கண்களில் நூற்றுக்கு 90.5-ஐ அது பிடித்தது. அவ்வாறு அனுப்பத் தேவையில்லாத கண்களில் நூற்றுக்கு 91.6-ஐச் சரியாக விலக்கியது. பார்வைக்கே ஆபத்தான நிலையிலிருந்த கண் எதையும் அது தவறவிடவில்லை.

இக்கணக்கை நாம் கவனமாய் வாசிக்க வேண்டும். நூறு நல்ல கண்களில் எட்டுக்கு மேற்பட்டவற்றை யந்திரம் வீணாகச் சந்தேகித்திருக்கிறது. ஆகவே நிபுணரிடம் அனுப்பப்பட்டால் உடனே கலங்கவேண்டாம். ஆனால் போகாமலிருக்கவும் கூடாது. ‘நோயில்லை’ என்று வந்தாலும் அது அந்த ஆண்டுக்குரிய முடிவே. டாக்டர் வேறு விதமாகச் சொன்னாலன்றி ஆண்டுக்கொரு முறை படம் எடுக்க வேண்டும். மலேசியாவிலும் அரசாங்கக் கிளினிக்குகள் பலவற்றில் இந்தக் கேமரா உண்டு. கடையை விட்டுச் செல்லும் அரை நாள் நஷ்டத்தைக் கணக்குப் பார்க்கிறவர்கள், கண் போனபின் கல்லாவில் யாரை உட்காரவைப்பது என்பதையும் அக்கணக்கில் சேர்க்கட்டும். நோய்க்கு மருந்து தேடுவது நம் மார்க்கம் ஏவிய காரியமே.

சொட்டு மருந்திட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். அன்று வாகனம் ஓட்டாமல் மகனையோ கடைப் பையனையோ அழைத்துச் செல்லுங்கள்.

இன்னொரு விஷயம். சென்ற ஆண்டுப் படத்தையும் இவ்வாண்டுப் படத்தையும் குழாய்கள் கிளைவிடும் இடங்களை அடையாளமாகக் கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்ப்யூட்டர் பொருத்தும். அப்போது புதிதாய்த் தோன்றிய மொட்டு எது, மறைந்தது எது என்று தெரியவரும். இதற்குப் பழைய படம் கையில் இருக்க வேண்டும். நம்மவர்கள் ஓராண்டு சிங்கப்பூரிலும், மறு ஆண்டு பினாங்கிலும், ஊருக்குப் போனபோது அங்கேயும் கண்ணைக் காட்டுகிறோம். படங்கள் மூன்று இடத்தில் தங்கிவிடுகின்றன. எடுத்த படத்தின் நகலைக் கேட்டு வாங்கித் தேதியுடன் பத்திரப்படுத்தி, அடுத்த டாக்டரிடம் போகும்போது மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.