கொதிநீரும் மெக்கானிக்கல் சீலும்: ரப்பர் பெக்டரி பிட்டர்களுக்கு ஒரு வழிகாட்டி

தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்துக் கிரேப் ரப்பர் பெக்டரிகளில் வெந்நீர்ப் பம்ப் நின்றால் பின்னால் வரும் வேலை முழுவதும் தடுமாறும். விறகு பொயிலரில் சூடான தண்ணீரை, கிரேப் காயவைக்கும் கோபுரத்தின் அடியிலுள்ள ரேடியேட்டர்களுக்குத் தள்ளுவது அந்தப் பம்ப்தான். கோபுரத்துக்குள் 33 முதல் 35 பாகை செல்சியஸ் வரை சூடு சீராக இருந்தால்தான் தொங்கவிட்ட கிரேப் மூன்று நான்கு நாளில் காயும். அடைமழைக் காலத்தில் அந்தச் சூடு இறங்கினால் பூஞ்சணம் பிடிக்கும், தரம் குறையும், விலையும் போகும்.

இப்படிப்பட்ட பம்பில் சீல் போனதும் புதிது வாங்கிப் போடுகிறார்கள். அதுவும் சீக்கிரமே ஒழுகத் தொடங்கினால் பழி கடைக்காரன் மேல் விழும், இல்லையென்றால் பிட்டர் மேல் விழும். பல நேரங்களில் இரண்டு பேருமே குற்றவாளி இல்லை. வெந்நீர்ப் பம்பில் சீலைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரின் நிலையைப் பார்க்க வேண்டும். சீலின் இரண்டு முகங்களுக்கும் நடுவில் அது தண்ணீராகவே இருக்கிறதா, ஆவியாகிறதா என்பதில்தான் சீலின் ஆயுள் இருக்கிறது.

சீலுக்குள் நடப்பது

ஷாஃப்ட்டோடு சுற்றும் வளையம் ஒன்று, அசையாமல் நிற்கும் வளையம் ஒன்று. ஸ்பிரிங் இரண்டையும் நெருக்கிப் பிடிக்கிறது. ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரிந்தாலும் நடுவில் ஏறக்குறைய ஒரு மைக்ரோன் தடிப்பில் திரவப் படலம் இருக்கும். தலைமுடியின் தடிப்பு சுமார் 70 மைக்ரோன். பம்ப் எதைத் தள்ளுகிறதோ அதுவேதான் இந்தப் படலம். முகங்களைக் குளிரவைப்பதும் வழுக்க வைப்பதும் அதுதான். வேறு எண்ணெய் அங்கே கிடையாது.

படலத்தின் பம்ப் பக்க விளிம்பில் பம்பின் அமுக்கம் இருக்கிறது, மறு விளிம்பில் வெறும் காற்று. எனவே தண்ணீர் உள்ளிருந்து வெளியே வர வர அதன் அமுக்கம் குறைகிறது. அதே வழியில் உராய்வு அதன் சூட்டை ஏற்றுகிறது. தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கும் என்பது அமுக்கத்தைப் பொறுத்தது. தெஹியோவிட்ட போன்ற தாழ்ந்த இடத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 100 பாகைக்குச் சற்று முன்பின்னாகக் கொதிக்கும். கேஜில் 1 பார் காட்டினால் 120 பாகை வரை தாங்கும், 2 பார் என்றால் 133. உள்ளே பத்திரமாக இருந்த தண்ணீர் காற்றுப் பக்க விளிம்பை நெருங்கும்போது அமுக்கத்தை இழந்து, சூட்டையும் வாங்கிக்கொண்டு, பாதி வழியில் ஆவியாகலாம். ஒரு லீட்டர் தண்ணீர் 100 பாகையில் ஆவியானால் 1,600 லீட்டருக்கும் மேல் இடம் கேட்கும். அந்த ஆவி முகங்களைப் பிளக்கிறது. உள்ளேயிருந்து தண்ணீர் பாய்ந்து முகங்களைக் குளிரவைக்கிறது. ஸ்பிரிங் மறுபடி அடித்து மூடுகிறது. இது விடாமல் நடந்தால் கார்பன் முகத்தின் விளிம்பு பொடிப்பொடியாக உதிரும். ஆவி அங்கேயே தங்கிவிட்டால் அதைவிட மோசம்: முகங்கள் காய்ந்து உரசும்.

கொதிக்காவிட்டாலும் சூடு ஏற ஏறத் தண்ணீர் இளகுகிறது. 20 பாகையில் இருந்த பிசுபிசுப்பில் மூன்றில் ஒரு பங்குகூட 90 பாகையில் மிஞ்சாது. படலம் தாங்கும் சுமையும் அதற்கேற்பக் குறையும்.

படி 1: ஓடும்போதே பாருங்கள், கேளுங்கள்

கழற்றாதீர்கள். முகத்தைக் கிட்டே கொண்டுபோகவும் வேண்டாம், கொதிநீர் தோலை உரித்துவிடும். ஓரமாக நின்று கவனியுங்கள். ஒரே சீராகச் சொட்டினால் தேய்மானம், கோணலாகப் பூட்டியது, ஓ-ரிங் கிழிந்தது போன்ற காரணங்களைத் தேடலாம். கொஞ்ச நேரம் காய்ந்திருந்து திடீரென்று ‘புஸ்’ என்று ஆவி விட்டு மறுபடி அடங்கினால், அல்லது படபடவென்று சின்ன வெடிப்புச் சத்தம் கேட்டால், முகங்களுக்கு நடுவில் கொதிப்பு நடக்கிறது. ஷாஃப்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருந்தால், தண்ணீர் அங்கேயே ஆவியாகி உப்பை விட்டுப்போயிருக்கிறது.

பம்பின் வயிற்றுக்குள் கல் உருளுவது போன்ற சத்தம் வேறு நோய். அது உறிஞ்சும் பக்கத்தில் ஆவிக் குமிழி உண்டாகி இம்பெல்லரில் வெடிப்பது. இரண்டுக்கும் மூலம் ஒன்றாக இருக்கலாம், ஆனால் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: இரண்டு எண்களை எடுங்கள்

பம்புக்குள் நுழையும் தண்ணீரின் சூடு ஒன்று, சீல் அறையின் அமுக்கம் மற்றொன்று. இரண்டாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பம்ப் வெளியே தள்ளும் பக்கத்துக் கேஜைப் பார்த்து ‘இரண்டு பார் இருக்கிறதே’ என்று திருப்திப்படுவார்கள். சீல் இருக்கும் அறையில் அவ்வளவு இருக்காது. பெரும்பாலான சிறு பம்புகளில் அது உறிஞ்சும் பக்கத்து அமுக்கத்தைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். சீல் மூடியில் பிளக் இருந்தால் பம்பை நிறுத்தி, ஆறவிட்டு, அதில் ஒரு கேஜைப் பூட்டி மறுபடி ஓட்டி அளக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மேலே திறந்த தண்ணீர்த் தொட்டி, பம்புக்கு 4 மீட்டர் உயரத்தில். அந்த உயரம் தரும் அமுக்கம் சுமார் 0.4 பார், அதில் தண்ணீர் 109 பாகையில் கொதிக்கும். பம்புக்கு வரும் தண்ணீர் 92 பாகை என்றால் இடைவெளி 17. முகங்களின் உராய்வே 10, 20 பாகையைச் சேர்க்கக்கூடும். அதாவது சீல் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது. தொட்டியில் மட்டம் இறங்கினாலோ வடிகட்டியில் துரு அடைத்தாலோ அந்த இடைவெளியும் போய்விடும். குறைந்தது 20 பாகை இடைவெளி கையில் இருக்கட்டும் என்பது என் அபிப்பிராயம்.

பொயிலருக்குத் தண்ணீர் ஊட்டும் பம்பிலும் இதே கணக்குதான். திறந்த தொட்டியில் 80 பாகைத் தண்ணீர் இருந்தால், ஆவியமுக்கத்தைக் கழித்தபின் காற்று தரும் தள்ளுவிசை சுமார் 5.6 மீட்டர் மிஞ்சும். 90 பாகையில் 3.3 மீட்டர், 95இல் 1.8 மீட்டர்தான். குழாய் உராய்வையும் இதிலிருந்து கழிக்க வேண்டும். விறகை மிச்சப்படுத்த ஊட்டுத் தண்ணீரின் சூட்டை ஏற்றுபவர்கள் தொட்டியையும் உயர்த்தியாக வேண்டும்.

படி 3: கரண்ட் போனால் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள்

நம் பக்கத்து மழைக்காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போவது புதிதல்ல. பம்ப் நின்றுவிடும், ஆனால் விறகு எரிந்துகொண்டே இருக்கும். ஓடாமல் நிற்கும் தண்ணீர் பொயிலருக்குள் கொதித்து, குழாய் வழியாக ஆவி பம்பு வரைக்கும் வரலாம். கரண்ட் வந்ததும் பம்ப் தானாக ஓடத் தொடங்கினால் அது ஆவியில் சுற்றும். சில வினாடி போதும்: முகங்கள் கடுமையாகச் சூடாகி, அடுத்து வரும் தண்ணீர் பட்டதும் வெள்ளைச் செரமிக் வளையம் வெடித்துப் பிளக்கும். எந்த விலை கொடுத்த சீலும் இதைத் தாங்காது.

ஆகவே பம்ப் தானாக ஓடத் தொடங்காதபடி ஸ்டார்ட்டரை மாற்றுங்கள். கரண்ட் போனவுடன் காற்று வரும் கதவையும் டாம்பரையும் எப்படி வைப்பது என்று, அந்தப் பொயிலருக்குரிய முறைப்படி, இரவு வேலைக்காரருக்கும் சொல்லிக்கொடுங்கள். ஓட்டுவதற்கு முன் காற்றுத் திருகைத் திறந்து, ஆவி போய்த் தண்ணீர் வரும்வரை விட வேண்டும்.

படி 4: கழற்றி முகங்களை வாசியுங்கள்

மெயின் ஸ்விட்சைப் பூட்டி, இரண்டு வால்வுகளையும் மூடி, தண்ணீரை வடித்து, கேஜ் பூச்சியத்துக்கு வந்தபின் கழற்றுங்கள். பழைய சீலைக் குப்பையில் போட அவசரப்பட வேண்டாம். கார்பன் விளிம்பு கடித்தெடுத்தது போல உதிர்ந்திருந்தால் கொதித்து அடித்ததன் அடையாளம். கடின முகத்தில் மையத்திலிருந்து வெளிப்புறமாக மயிரிழை வெடிப்புகள் ஓடினால் அளவுக்கு மீறிய சூடு. ஆழமான வட்டக் கீறலும் உலோகத்தில் நீலம் பாய்ந்த நிறமும் தண்ணீரில்லாமல் ஓடியதைச் சொல்லும். ஓ-ரிங் கல்லாகி, சதுர வடிவம் எடுத்திருந்தால் அந்த ரப்பர் இந்தச் சூட்டுக்கு ஏற்றதல்ல.

படி 5: காசில்லாத வேலையிலிருந்து தொடங்குங்கள்

வடிகட்டியைக் கழுவுங்கள், தொட்டியில் மட்டத்தை நிறுத்துங்கள், உறிஞ்சும் வால்வை முழுவதும் திறந்து வையுங்கள். வெளிவால்வை மூடியபடி பம்பை ஓட்டும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். உள்ளே சிக்கிய தண்ணீர் நிமிடக் கணக்கில் சூடேறும். கோபுரத்துக்கு 35 பாகைதான் தேவை என்பதால் பொயிலர்த் தண்ணீரை 95இல் வைத்திருக்கத்தான் வேண்டுமா என்று ரேடியேட்டர்களைச் சுத்தம் செய்து பார்த்து முடிவெடுங்கள். பத்து பாகை குறைத்தால் சீலுக்கு அது பெரிய நிம்மதி.

அதற்கும் அடங்காவிட்டால் குழாய் வேலை. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் புரொப்பேன் போன்ற, பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையிலேயே கொதிக்கும் திரவங்களுக்கும் இதே பிரச்சினைதான். அந்த ஆலைகளுக்காக 1994இல் முதலில் வெளிவந்த ஏபிஐ 682 என்ற தரநிலை, சீலைக் கழுவும் முறைகளுக்கு எண் வைத்துப் பேசுகிறது. கொழும்பில் சீல் விற்பவர்களிடம் அந்த எண்களைச் சொன்னால் பேச்சு சுருங்கும். பிளான் 11 என்றால் தள்ளும் பக்கத்திலிருந்து சிறு துளை வழியாகச் சீல் அறைக்கு ஒரு குழாய். அமுக்கமும் ஓட்டமும் கூடும். பிளான் 21இல் அந்தக் குழாய் நடுவில் ஒரு கூலர் வழியாகப் போகும். பிளான் 23இல் சீல் அறைத் தண்ணீர் மட்டும் கூலருக்குப் போய் அங்கேயே திரும்பி வரும். 80 பாகைக்கு மேற்பட்ட வெந்நீருக்கு நான் முதலில் கேட்பது இதைத்தான். அதே தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஆற்றுவதால் கூலர் சீக்கிரம் அடைக்காது.

படி 6: புதிய சீலைத் தெரிந்து வாங்குங்கள், சுத்தமாகப் பூட்டுங்கள்

கார்பனுக்கு எதிரே செரமிக்குக்குப் பதில் சிலிக்கன் கார்பைட் கேளுங்கள். சூட்டை விரைவாகக் கடத்தும், திடீர்க் குளிரையும் தாங்கும். வெந்நீருக்கு ஈபிடிஎம் ரப்பர். விட்டன் விலை கூடியது என்பதற்காக வாங்காதீர்கள். அது எண்ணெய்க்கு அருமையானது, அதன் சாதாரண ரகம் கொதிநீரிலும் ஆவியிலும் கெட்டுவிடும். ஈபிடிஎம்மின் எதிரி எண்ணெய். எனவே கிரீஸ் தடவி ஏற்றாமல் சவர்க்காரத் தண்ணீர் தடவி ஏற்றுங்கள்.

முகங்களில் விரல் படக்கூடாது. ஷாஃப்ட்டின் ஆட்டத்தை டயல் கேஜில் பாருங்கள், 0.05 மில்லிமீட்டருக்கு மேல் போனால் முதலில் பியரிங்கைப் பாருங்கள். ஸ்பிரிங்கைக் கம்பெனி சொன்ன நீளத்துக்கே அமுக்குங்கள்; ஒழுகுமோ என்று பயந்து கூட இறுக்கினால் உராய்வுச் சூடு கூடி மறுபடி முதல் பிரச்சினைக்கே வந்து சேருவீர்கள். தண்ணீர் நிரப்பி, காற்றை விட்டு, கையால் சுற்றிப் பார்த்து, தண்ணீர் கொஞ்சம் ஆறியிருக்கும்போதே ஓட்டத் தொடங்கி மெல்லச் சூட்டை ஏற்றுங்கள்.

ரப்பர்ப் பால் பம்ப் வேறு கதை

இதே சீலைப் பால் பம்புக்கும் போட்டுவிடுவோம் என்று நினைக்காதீர்கள். அங்கே கொதிப்பு இல்லை, ஆனால் முகங்களின் உரசலும் சூடும் பாலை உறைய வைக்கும். நின்ற பம்பில் அந்த உறைந்த ரப்பர் இரண்டு முகங்களையும் ஒட்டிவிடும். மறுநாள் ஸ்விட்ச் போட்டதும் சீலின் ரப்பர் பெலோஸ் கிழியும். நடுவில் சுத்தமான தண்ணீர் ஓடும் இரட்டைச் சீல் போடலாம். முடிந்தால் சீலே தேவைப்படாத டயாபிரம் பம்பைக் கேளுங்கள். பாலில் அமோனியா சேர்த்திருந்தால் விட்டன் ஆகாது. செம்பும் பித்தளையும் பாலில் படக்கூடாது, செம்பு ரப்பரையே கெடுத்துவிடும். வேலை முடிந்து நிறுத்துவதற்கு முன், பம்ப் ஓடும்போதே அமோனியா சிறிது கலந்த தண்ணீரை விட்டு, வெளியே வரும் தண்ணீர் வெளுப்பில்லாமல் தெளியும்வரை கழுவுங்கள்.