அறுபதாம் கல்யாணமும் ஐரோப்பியப் பயணமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அறுபது ஆண்டு நிறைவைத் தமிழ்க் குடும்பங்கள் ஹோமம், கலச நீராட்டு, இரண்டாம் முறை தாலி, விருந்து என்று கொண்டாடுகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில் வேலை பார்க்கும் வீடுகளில் இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: அப்பா அம்மாவுக்கு நாலைந்து நாள் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் அல்லது ரோம். காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் போன்ற ஊரிலிருந்து இப்படிக் கிளம்பும் குடும்பத்துக்கு அக்கம்பக்கத்தில் அறிவுரைக்குப் பஞ்சமிருக்காது. அதில் பாதி சடங்கைப் பற்றியது, மீதி விசாவைப் பற்றியது. இரண்டிலும் பிழைகள் உண்டு. சடங்கையும் பயணத்தையும் ஒரே நாளில் முடிச்சுப் போடுவதுதான் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

“பாஸ்போர்ட்டில் உள்ள தேதிதான் அறுபதாம் கல்யாண நாள்”

அறுபதாம் கல்யாணத்துக்கு ஆங்கிலத் தேதி கணக்கில் வராது. பிறந்த தமிழ் ஆண்டின் பெயர் அறுபது ஆண்டு கழித்துத் திரும்பி வரும். அந்த ஆண்டில் பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரம் கூடும் நாளே சஷ்டியப்த பூர்த்தி. 1966 ஏப்ரல் நடுவில் பிறந்த பராபவ ஆண்டு 2026 ஏப்ரலில் மீண்டும் பிறக்கிறது. ஒரே மாதத்தில் அந்த நட்சத்திரம் இரண்டு முறை வந்தால் பிந்தையதை எடுத்துக்கொள்வது பெரும்பாலோர் வழக்கம். ஆகவே ஆங்கிலப் பிறந்தநாளுக்கும் சடங்கு நாளுக்கும் இடையில் இரண்டு வாரத்துக்கு மேலும் இடைவெளி விழலாம்.

இந்தக் கணக்குக்குக் கூரமே நல்ல சான்று. இராமானுசரின் சீடரான கூரத்தாழ்வான் 1010-இல் இவ்வூரில் பிறந்தவர் என்பது வைணவ மரபு. அவருடைய திருநட்சத்திரம் இங்கே ஒவ்வோர் ஆண்டும் தை மாத அஸ்தத்தில்தான் கொண்டாடப்படுகிறது. அது ஆங்கில நாட்காட்டியில் எந்தத் தேதியில் விழுகிறது என்பது யாருக்கும் பொருட்டல்ல.

போன தலைமுறையில் பலருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியே சான்றிதழில் ஏறி, அங்கிருந்து ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போயிருக்கும்; ஜாதகத்தில் இருப்பது வேறு தேதி. விசாவுக்கு முன் இதைத் திருத்தியாக வேண்டும் என்று அலைபவர்கள் இருக்கிறார்கள். அது தேவையில்லை. தூதரகம் ஜாதகத்தைக் கேட்பதில்லை. விண்ணப்பம், காப்பீடு, டிக்கெட் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் தேதியும் அப்படியே இருந்தால் போதும்.

“அறுபதில் எல்லாக் கிரகங்களும் பிறந்த இடத்துக்கே திரும்பிவிடும்”

வியாழன் சூரியனை ஒரு முறை சுற்ற 11.86 ஆண்டும், சனி 29.46 ஆண்டும் எடுத்துக்கொள்கின்றன. ஐந்து வியாழச் சுற்றுக்கு 59.3 ஆண்டு, இரண்டு சனிச் சுற்றுக்கு 58.9 ஆண்டு. இந்த இரண்டும் நெருங்கி வருவதே அறுபதாண்டு வட்டத்துக்கு அடிப்படை. ஆனால் நெருங்குவது வேறு, பொருந்துவது வேறு. சராசரிக் கணக்கில் அறுபது முடியும்போது வியாழன் பழைய இடத்தைத் தாண்டி ஏறத்தாழ 21 பாகையும், சனி 13 பாகையும் போயிருக்கும். ஒரு ராசிக்கு 30 பாகைதான்; எனவே பல ஜாதகங்களில் இவை அடுத்த ராசிக்கே மாறியிருக்கும். ராகு, கேதுவின் சுற்று 18.6 ஆண்டு, அது அறுபதில் முழுதாக அடங்குவதே இல்லை. அட்சரம் பிசகாமல் திரும்பி வருவது ஆண்டின் பெயர்.

“திருக்கடையூரில் செய்தால்தான் பலன்”

மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம் என்பதால் திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயில் ஆயுள் சாந்திக்குப் பெயர் பெற்றது. ஆனால் சாந்திச் சடங்குக்கு ஊர்க் கட்டுப்பாடு கிடையாது. வீட்டிலோ உள்ளூர்க் கோயிலிலோ செய்வதும் அதே அளவு பழைய வழக்கம்.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கை, கடல் தாண்டினால் சடங்கு செல்லாது என்பது. ஈழத்தமிழர்கள் ஐரோப்பாவில் எழுப்பிய கோயில்கள் அதைப் பொய்யாக்கி வெகு காலமாகிறது. பாரிஸில் லா ஷப்பேல் பகுதி மாணிக்க விநாயகர் ஆலயம் 1985 முதல் இயங்குகிறது. ஜெர்மனியின் ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்குக் கண்ட கோயிலின் அம்பாள் பெயரே காமாட்சி. காஞ்சி அம்மனின் பெயர் கொண்ட அவளுக்குத் திருவிழாத் தீர்த்தவாரி நடப்பது டாட்டெல்ன்–ஹாம் கால்வாயில். கரைக்கு அப்பால் சரக்குப் படகுகள் போகும் வழி அது.

அங்கே சடங்கு வைத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது நேரக் கணக்கை. ஐரோப்பாவின் நடுப்பகுதி இந்தியாவைவிடக் குளிர்காலத்தில் 4½ மணி, கோடையில் 3½ மணி பின்தங்கியது. ஒரு நட்சத்திரம் இந்திய நேரம் காலை 8 மணிக்கு முடிகிறது என்றால், காஞ்சியில் அன்று சூரியன் உதிக்கும்போது அது இருக்கிறது. பாரிஸில் ஜூன் மாதத்திலும் அது 4.30 மணிக்கே முடிந்துவிடும். சூரியன் உதிக்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். சூரியோதய நட்சத்திரத்தை எடுக்கும் முறையில் அங்கே நாள் முந்தைய தேதிக்குப் போய்விடும். சென்னையில் அச்சான பஞ்சாங்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் ஒரு நாள் தவறுவது இப்படித்தான். ஹோட்டல் அறையில் ஹோமம் வளர்க்கலாம் என்று நினைப்பவர்களுக்குப் புகை உணர்கருவி உடனே விடை சொல்லிவிடும்.

“விசா பத்து நாளில் வந்துவிடும், எந்த நாட்டில் போட்டாலும் ஒன்றுதான்”

நட்சத்திர நாளை நகர்த்த முடியாது. விசா நாளை யாரும் உறுதி சொல்ல முடியாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசியாக 15 நாளுக்கு முன். முடிவு சொல்ல வழக்கமான கெடு 15 நாள். கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை நீளலாம். இவை போக, விசா விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதற்கே கோடையில் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். சடங்கை வீட்டில் நட்சத்திரத்தன்று முடித்துவிட்டு, பயணத்தை வசதியான வேறு மாதத்துக்குத் தள்ளும் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் பிழைத்துக்கொள்கின்றன.

எளிதாகக் கொடுக்கும் நாட்டில் விசா எடுத்து வேறு நாட்டுக்குப் போகலாம் என்பது தவறு. அதிக நாள் தங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமென்றால் முதலில் நுழையும் நாட்டில். 2025 ஜனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்தபின் ஷெங்கனில் 29 நாடுகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்து இதில் உண்டு. ஒன்றியத்தில் உள்ள அயர்லாந்து இல்லை. பிரிட்டனும் இல்லை. பாரிஸில் மகளும் லண்டனில் தம்பியும் இருக்கும் குடும்பம் வழக்கமாகச் சறுக்குவது இங்கே: லண்டனுக்குத் தனி விசா வேண்டும் என்பது தெரிந்திருக்கும், லண்டனிலிருந்து பாரிஸுக்குத் திரும்ப ஷெங்கன் விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும் என்பது தெரிந்திருக்காது.

கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மூத்த குடிமக்களுக்குச் சலுகை கிடையாது. மறுத்தாலும் பணம் திரும்பாது. வயதானவர்கள் கைரேகை தரத் தேவையில்லை என்பதும் சரியல்ல. 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத்தான் அந்த விலக்கு. பல்லாண்டு தறியில் உழைத்து ரேகை தேய்ந்தவர்கள் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை: உடல்நிலையால் ரேகை எடுக்கவே இயலாதவர்களுக்கு விதியில் விலக்கு இருக்கிறது. ஒரு முறை கொடுத்த ரேகை 59 மாதம் செல்லும்.

‘எடியாஸ்’ வந்ததும் இந்தியருக்கு விசாவே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பொய். அது ஏற்கெனவே விசா தேவைப்படாத நாட்டவருக்கான பயண முன் அனுமதி. இந்தியருக்கு உண்மையாகவே மாறியது வேறு: 2024 ஏப்ரல் முதல், கடந்த மூன்று ஆண்டில் இரண்டு ஷெங்கன் விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு ஆண்டு பலமுறை விசா தரப்படுகிறது. முதல் முறை போகும் அறுபது வயதுக்காரருக்கு இதில் உடனடிப் பயன் இல்லை. மகப்பேறு பார்க்கவும் பேரனைப் பார்க்கவும் போய்வந்த அம்மாவுக்கு உண்டு.

“வங்கியில் பத்து லட்சம் இருக்க வேண்டும்”

எல்லா நாட்டுக்கும் பொதுவாக இப்படி ஒரு தொகை கிடையாது. தங்கும் நாளைப் பொறுத்தது. பிரான்ஸ் கேட்பது, ஹோட்டல் பதிவு இருந்தால் நாளுக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120. உறவினர் வீட்டில் தங்கி, அவர் தன் நகராட்சியில் வாங்கிய வரவேற்புச் சான்றைத் தந்தால் 32.50. மகனோ மகளோ செலவை ஏற்கலாம். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கடன் வாங்கிக் கணக்கில் பெருந்தொகை போடுவது உதவாது. ஸ்டேட்மென்ட்டைப் பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுவதே அதுதான்.

ஏஜென்ட்டிடம் பேக்கேஜ் வாங்கும்போது பிடிக்கும் டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரி கையைவிட்டுப் போன பணம் அல்ல. பான் எண்ணோடு பிடித்தம் செய்யப்பட்டால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வரி கட்ட வேண்டாதவர் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

ஊரில் எடுத்த மருத்துவக் காப்பீடு போதும் என்பதும் தவறு. 30,000 யூரோவுக்குக் குறையாத, ஷெங்கன் முழுவதும் செல்லும் பயணக் காப்பீடு விசாவுக்குக் கட்டாயம். மலிவான பாலிசி விசாவுக்குப் போதும், ஆஸ்பத்திரிக்குப் போதாமல் போகலாம். முன்பே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்தால் வரும் செலவைப் பல பாலிசிகள் விலக்குகின்றன. அறுபது வயதுக்காரருக்கு அந்த வரிதான் முக்கியம்.

“நாலு நாளில் நாலு நாடு பார்த்துவிடலாம்”

விளம்பரத்தில் பார்க்கலாம். சென்னையிலிருந்து வழியில் விமானம் மாறிப் போனால் போக்கில் ஒரு நாளும் வரவில் ஒரு நாளும் கரையும். நாலு இரவுப் பயணத்துக்கு ஒரு நகரம், மிஞ்சினால் ரயிலில் பக்கத்து நகரம். பருவமும் கணக்கில் வர வேண்டும்: பாரிஸில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டேகால் மணி நேரம், ஜூனில் பதினாறு மணி நேரம். தையில் பிறந்தவர் தையிலேயே போக வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

அறுபது தாண்டியவருக்கு அங்கே எல்லா இடத்திலும் பாதிக் கட்டணம் என்ற எண்ணத்தோடும் போகக் கூடாது. லூவர் அருங்காட்சியகத்தில் அப்படி முதியோர் சலுகை இல்லை. 2026 ஜனவரி முதல் ஐரோப்பியர் அல்லாதவருக்குக் கட்டணம் 32 யூரோ. செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் மியூசியத்தில் சோழர் காலத்து நடராசர் நிற்கிறார், பார்க்கத் தகுந்தவர்தான். ஆனால் கூரத்திலேயே கிடைத்த, அதைவிடப் பழைய பல்லவர் கால நடராசர், முழங்காலை உயர்த்தி ஆடும் ஊர்த்துவஜாநு நிலையில், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். ஊரார் பலர் இன்னும் அவரைப் பார்த்ததில்லை. அதற்கு விசாவும் வேண்டாம்.

“பூஜைச் சாமானும் பட்சணமும் எடுத்துப் போகத் தடையில்லை”

தடை இருக்கிறது, அதுவும் விநோதமான வகையில். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் நெய், வெண்ணெய், பன்னீர் போன்ற பால் பொருட்களும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. பச்சையாக உள்ள செடிகொடி வகையில் எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்று வேண்டும். விலக்குப் பெற்றவை ஐந்தே பழங்கள்: வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டூரியன். அதாவது தேங்காய் பழத் தட்டு போகலாம். மாவிலை, வெற்றிலை, கறிவேப்பிலை, கட்டிய மாலை போகாது. முழுத் தேங்காய் பெட்டியில் போகலாமே தவிர, கொப்பரையும் கற்பூரமும் தீப்பற்றும் பொருள் என்று விமானத்திலேயே தடை.

பட்டுச் சேலையில் இரண்டு கணக்கு. உடுத்தவும் திரும்பக் கொண்டுவரவும் எடுத்துப் போவது சொந்த உடைமை. அதற்கு வரி இல்லை. அங்குள்ள உறவினருக்குக் கொடுக்கும் சேலை அன்பளிப்பு. விமானத்தில் வரும் பெரியவர் ஒருவருக்கு 430 யூரோ மதிப்பு வரைதான் வரியில்லை. கோர்வை போட்ட, அசல் ஜரிகை முகூர்த்தப் பட்டு ஒன்றே அந்த எல்லையைத் தாண்டக்கூடும். கணவன் மனைவி இருவரின் வரம்பையும் சேர்த்து ஒரே சேலைக்குக் காட்ட முடியாது.

நகையில் சிக்கல் வருவது போகும்போதல்ல, திரும்பும்போது. புதுத் தாலிக்கொடியும் வளையலும் இங்கிருந்தே போனவை என்பதற்குச் சென்னை விமான நிலையத்தில் கிளம்பும் முன்பே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். நகைக்கடை ரசீதையும் எடையைக் காட்டும் படங்களையும் கையில் வைத்திருந்தால் அந்த வேலை சீக்கிரம் முடியும். விமானத்துக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டியிருக்கும்.