ஒரு யானை போதும்

கோடை விடுமுறை நெருங்கினால் கிளை நூலகங்களில் சிறுவர்களுக்கான கதை நேரம் பற்றிய பேச்சு எழும். வாசகர் வட்டத்தில் யாராவது ஒருவர், "விலங்குகளை வைத்துச் செய்யலாமே" என்பார். எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒருவர் காடு முழுவதையும் சுவரில் ஒட்டப் பார்ப்பார். இன்னொருவர் முகமூடிக்குச் சொல்லி வைத்திருப்பார். மூன்றாமவர் தன் வீட்டு முயலைக் கூண்டோடு தூக்கிவரத் தயாராக இருப்பார். எந்தப் புத்தகம் என்று கேட்கத்தான் ஆளிருக்காது. என் கணக்கில் முதலில் புத்தகம், அதிலிருந்து விலங்கு. அலங்காரம் நேரமிருந்தால்.

பல விலங்குகளா, ஒரே விலங்கா என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள். பல விலங்குகள் என்றால் அறை நிறைந்திருக்கும், போட்டோவும் நன்றாக விழும். ஆனால் அரை மணி நேரத்துக்குள் சிங்கம், முதலை, ஒட்டகச்சிவிங்கி என்று வரிசையாக வந்துபோனால் பிள்ளைகளுக்கு எதன்மேலும் மனம் நிற்காது. மூன்று வயதுக்குட்பட்ட பொடிசுகளுக்கு மட்டும் அந்த வரிசை ஒத்துவரும். அவர்களுக்குக் கதை பெரிதில்லை. பக்கத்தைத் திருப்பினால் புதிதாக ஒன்று தலைகாட்டுவதே விளையாட்டு. ராட் கேம்ப்பெல்லின் 'டியர் ஸூ' (1982) அதற்கென்றே செய்ததுபோல இருக்கும்: பக்கத்துக்கு ஒரு மூடி, திறந்தால் ஒரு விலங்கு. பில் மார்ட்டின் எழுதி எரிக் கார்ல் படம் வரைந்த 'பிரவுன் பேர், பிரவுன் பேர்' (1967) கேள்வியும் பதிலுமாகவே நகரும். ஆங்கிலப் புத்தகமாக இருந்தாலும் படத்தைக் காட்டித் தமிழில் சொல்லிக்கொண்டு போவதில் சிரமமில்லை.

நான்கு வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரே விலங்குதான் சரி. நான் யானைக்கே ஓட்டுப் போடுவேன். சென்னை தூலிகா பதிப்பகம் வெளியிட்ட, அசோக் ராஜகோபாலனின் 'கஜபதி குலபதி' சளி பிடித்த யானை தும்முகிற கதை. ஒவ்வொரு தும்மலுக்கும் அறையே சேர்ந்து தும்மும். அதற்கு மேல் என்ன ஏற்பாடு வேண்டும்? கதை முடிந்ததும் ஆளுக்கொரு காகித உருண்டையைக் கொடுங்கள். ஆசிய யானையின் துதிக்கை நுனியில் விரல்போல நீண்டிருப்பது ஒன்றே ஒன்று, ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. ஆட்காட்டி விரலை மட்டும் உள்ளங்கைப் பக்கம் மடக்கி உருண்டையை எடுத்தால் நம்மூர் யானை. கட்டை விரலும் சேர்ந்தால் ஆப்பிரிக்க யானை. யானைக்குட்டிக்கும் பிறந்த புதிதில் துதிக்கை சொன்னபடி கேட்பதில்லை, பழகப் பல மாதம் ஆகும் என்று சொல்லிவைத்தால், உருண்டையைத் தவறவிட்ட பிள்ளையும் முகம் சுளிக்காது.

யானை வேண்டாம், எளிதாக ஒன்று போதும் என்றால் காக்கை. ஜன்னலுக்கு வெளியிலேயே இருக்கிறது. வடைக் கதையை எல்லோரும் கேட்டிருப்பார்கள். தாகமெடுத்த காக்கையின் கதையை எடுத்தால் பாத்திரத்தையும் கல்லையும் கையோடு கொண்டுவந்து நடத்திக் காட்டலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாத்திரத்தில் கால்வாசி தண்ணீர் ஊற்றிவிட்டுக் கல்லைப் போட்டால், அந்தத் தண்ணீர் கற்களின் இடுக்குகளிலேயே அடங்கிவிடும். எத்தனை கல் போட்டாலும் விளிம்புக்கு வராது. காக்கை தோற்றுப்போகும், பிள்ளைகள் சிரிப்பார்கள். பாதிக்கு மேல் தண்ணீர் இருக்க வேண்டும், பாத்திரம் கண்ணாடிபோல் தெரிகிற பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது. "நிஜக் காக்காய் இப்படிச் செய்யுமா?" என்று கேட்கிற ஆறு வயதுக்காரர் கட்டாயம் ஒருவர் இருப்பார். அவருக்குப் பதில் இருக்கிறது. காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ரூக் பறவைகள், குழாயில் கல்லைப் போட்டு நீர்மட்டத்தை உயர்த்தி, மிதந்த புழுவை எடுத்ததை கிறிஸ்டோபர் பேர்டும் நேதன் எமெரியும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள்.

அடுத்தது, பார்த்து வாசிப்பதா, வாயால் சொல்வதா. இதை ஆள் கணக்கு தீர்மானிக்கட்டும். பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் புத்தகத்தைப் பக்கவாட்டில் பிடித்து, பிள்ளைகளின் கண் மட்டத்தில் வைத்து வாசிக்கலாம். இருபத்தைந்து பேர் வந்துவிட்டால் மூன்றாவது வரிசைக்குப் படம் தெரியாது; "தெரியல மிஸ்" என்று எழுந்து நிற்பார்கள், பின்னால் இருப்பவர்களும் எழுவார்கள், அதோடு கதை போயிற்று. அப்போது புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லுங்கள். இல்லையென்றால் திரையில் காட்டுங்கள். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சிட்டுக்கொள்ளவும் திரையிடவும் உரிமம் இடம் கொடுக்கிறது. கார்ட்டூன் ஓட்டுவது வேறு கதை. வாய் பிளந்து பார்ப்பார்கள், ஆனால் அதற்கு நூலகம் எதற்கு?

வாயால் சொல்வதென்றால் பஞ்சதந்திரம் நினைவுக்கு வரும். அதிலும் பொறுக்க வேண்டும். சிங்கத்தைக் கிணற்றில் எட்டிப் பார்க்கவைத்த முயல் கதை பெரிய கூட்டத்துக்கு ஏற்றது: ஒரு பக்கம் கர்ஜிக்க, மறுபக்கம் எதிரொலிக்க என்று பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துவிடலாம். குரங்கும் முதலையும் கதை பேச்சிலேயே ஓடும். குரல் மாற்றத் தெரிந்தவருக்கு விருந்து. மீன்களை ஏமாற்றித் தின்ற கொக்கின் கழுத்தை நண்டு அறுக்கிற கதையை ஐந்து வயதுக்குக் கீழே நான் தொடமாட்டேன். முடிவை மாற்றிச் சொல்வதைவிட வேறு கதைக்குப் போவதே நல்லது. மாற்றிச் சொன்னால், பாட்டியிடம் கேட்ட பிள்ளை அங்கேயே திருத்தும். கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். பள்ளிக்கூடம் அதைப் பார்த்துக்கொள்ளும்.

பொம்மையா, முகமூடியா? பொம்மைதான். கதை சொல்பவர் முகமூடி மாட்டினால் குரல் அமுங்கும், வியர்க்கும், இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் மடியில் முகம் புதைத்து அழும். பழைய காலுறையில் இரண்டு பொத்தானைத் தைத்துக் கையில் மாட்டினால் வாய் அசைகிற பொம்மை தயார். ஒன்று போதும், கையில் இரண்டு இருந்தால் புத்தகத்தை யார் பிடிப்பது? தோல்பாவைக்கூத்துக் கலைஞர்களை அழைக்க வசதியிருந்தால் அது தனி விருந்து. ஆனால் அதற்கு இருட்டும் திரைக்குப் பின்னால் விளக்கும் வேண்டும் என்பதால் பெரிய பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உயிருள்ள விலங்கு வேண்டவே வேண்டாம். "எங்கள் வீட்டுக் கிளி நன்றாகப் பேசும்" என்பவரிடம், பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, கூண்டில் வளர்ப்பதே குற்றம் என்று மெதுவாகச் சொல்லிவிடுங்கள். மற்ற ஆமைகளும் சால்மனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை. ஓட்டு நீளம் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-இல் தடை போட்டது இதனால்தான். முயலுக்குச் சட்டச் சிக்கல் இல்லை, ஆனால் இருபது குழந்தைகள் ஒரே நேரத்தில் தடவ வந்தால் அதற்கு உயிர் போய் உயிர் வரும். நாய் கடித்த அனுபவமுள்ள குழந்தை கூட்டத்தில் இருந்தால் நாய்ப் படம்கூடச் சிக்கல்தான். பெயர் பதியும்போதே பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கடைசிப் பத்து நிமிடத்துக்கு வண்ணம் தீட்டுவதா, புத்தகம் எடுத்துப் போவதா என்ற போட்டி வரும். இரண்டுக்கும் நேரமிருந்தால் நல்லதுதான். இல்லையென்றால் கிரையானை உள்ளே வைத்துவிட்டு, யானை வருகிற புத்தகங்களாக அலமாரியில் கிடைத்ததையெல்லாம் வாசல் பக்கத்து மேஜையில் பரப்புங்கள். உறுப்பினர் படிவங்களும் பேனாவும் அதே மேஜையில் இருக்கட்டும். பிள்ளை புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கும்போது எந்த அப்பாவும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லித் தப்ப முடியாது.